முறுக்குக் குழலில் பிழிந்த சுர்ரோஸ்

முதல் முறை சுர்ரோஸ் செய்த அன்று வாணலியில் மூன்று துண்டுகள் வெடித்தன. பெரிய சத்தமில்லை, ஊசி வெடி மாதிரி ஒரு டப், அவ்வளவுதான். ஆனால் கூடவே எண்ணெய் எழும்பி என் மணிக்கட்டில் தெறித்தது, அடுப்பு மேடை முழுக்கச் சிதறியது, காலாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போதுதான் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இன்னும் இரண்டு அடி உள்ளே வந்திருந்தால் சின்னவன் முகம் அந்த உயரத்தில்தான் இருந்திருக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா சுர்ரோஸைப் பார்த்ததும் இல்லை, பெயரைக் கேட்டதும் இல்லை. மைதாவை வெந்நீரில் கிளறி, பிளாஸ்டிக் கவரின் மூலையை வெட்டிப் பிழிந்து எண்ணெயில் போட்டேன் என்று சொன்னேன்.

"கவர்லயா பிழிஞ்ச? அப்ப வழவழன்னு உருண்டையா வந்திருக்குமே."

ஆமாம் என்றேன்.

"அது வெடிக்காம என்னடி செய்யும்? சீடை ஏன் வெடிக்குது? மேல தோல் கட்டிக்கிட்டு உள்ள ஈரம் மாட்டிக்கிட்டா அதுக்கு வேற வழி ஏது? முள்ளு அச்சுல பிழி, ஒண்ணும் ஆகாது."

இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு பதிலிலிருந்து வந்ததுதான். அதற்கப்புறம் நான் எத்தனையோ முறை சுர்ரோஸ் செய்துவிட்டேன், ஒரு துண்டுகூட வெடிக்கவில்லை.

சுர்ரோஸ் என்பது ஸ்பெயின் நாட்டுப் பலகாரம். மாவு, தண்ணீர், உப்பு, இவை மூன்றும்தான் அதன் அடிப்படை. நட்சத்திரத் துளை வழியாகப் பிழிந்து எண்ணெயில் பொரித்து, சுடச்சுடக் கெட்டியான சாக்லேட்டில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். நாம் இட்லி வடை சாப்பிடும் நேரத்தில் அங்கே அது காலைச் சிற்றுண்டி, இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறவர்களுக்கும் அதுதான் ஆகாரம், புத்தாண்டு பிறந்த விடியலில் கேட்கவே வேண்டாம். மாட்ரிட் நகரத்தில் புவேர்த்தா டெல் சோல் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சான் ஹினேஸ் என்ற சாக்லேட் கடை 1894-லிருந்து இதையே விற்றுக்கொண்டிருக்கிறது. இதே மாவில் கொஞ்சம் உப்ப வைக்கும் பொருள் சேர்த்து, தடிமனாகப் பெரிய சுருளாகப் பிழிந்து, வெந்தபின் கத்தரிக்கோலால் வெட்டித் தருவதற்கு அங்கே போராஸ் என்று பெயர். அதைச் செய்ய அனுபவப்பட்ட கையும் பெரிய எண்ணெய்ச் சட்டியும் வேண்டும். வீட்டில் அதை முயல வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த நட்சத்திர வடிவம் அழகுக்கு என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நம் முள்ளு முறுக்குக்கும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எண்ணெயில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்தால் அம்மா சொன்னதன் முழு அர்த்தமும் விளங்குகிறது. மாவு சூடான எண்ணெயில் விழுந்ததும் வெளிப்பக்கம் காய்ந்து ஓடாகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாக மாறும்போது தன் அளவைப்போல ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரிகிறது. வழவழப்பான உருளையாக இருந்தால் அந்த ஆவிக்கு வெளியே வர இடமில்லை, அது அழுத்தி அழுத்தி எங்கே ஓடு மெலிந்திருக்கிறதோ அங்கே கிழித்துக்கொண்டு வரும், வரும்போது எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வரும். முள்ளும் பள்ளமுமாக இருந்தால் பள்ளத்தின் வழியாகச் சூடு மாவின் நடு வரைக்கும் சீக்கிரம் போய்விடுகிறது, மடிப்புகள் விரிந்து கொடுக்கின்றன, ஆவி பல இடங்களில் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. சீடைக்கு ஊசியால் குத்திவிட்டுப் போடுகிறோமே, அதே வேலையை இங்கே அச்சே செய்துவிடுகிறது.

இது என் சமையலறையில் மட்டும் நடந்த கதையும் இல்லை. 2004-ல் சிலி நாட்டின் லா டெர்செரா என்ற நாளிதழ் சுர்ரோஸ் செய்முறை ஒன்றை வெளியிட்டது. அதைப் படித்துச் செய்தவர்கள் வீடுகளில் மாவு எண்ணெயில் வெடித்து, பலர் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 13 பேருக்கு மொத்தமாகச் சுமார் 1,25,000 அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பானது. அச்சிடும் முன் அந்தச் செய்முறையைச் சரியாகச் செய்து பார்க்கவில்லை, அதில் சொன்ன சூட்டுக்கு எண்ணெயைக் காயவைத்தால் மாவு வெடிக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிகள் கண்டார்கள். ஒரு செய்முறையை எழுதி நாலு பேருக்குக் கொடுக்கிறோம் என்றால் அதற்குப் பொறுப்பு உண்டு என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால் கீழே இருக்கும் ஒவ்வொரு அளவும் என் அடுப்பில் நானே பலமுறை செய்து பார்த்தது, சின்னச் சின்ன விஷயத்தையும் விடாமல் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

150 கிராம் மைதா, 220 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது 25 கிராம் வெண்ணெய். மாவுக்கு இவ்வளவுதான். மைதாவைக் கட்டாயம் சலிக்க வேண்டும். முதல் முறை நான் சலிக்கவில்லை. மாவில் கட்டி இருந்தால் கிளறும்போது அதன் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும், அந்த இடம் ஒழுங்காக வேகாது, அதுவும் வெடிப்பதற்கு ஒரு காரணம். சீடை மாவை அம்மா இரண்டு தடவை சலிப்பதை எத்தனை கோகுலாஷ்டமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்! மைதாவுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீர், சர்க்கரை, உப்பு, எண்ணெய் நான்கையும் அடிகனமான பாத்திரத்தில் வைத்துத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஓரத்தில் குமிழி வருவது போதாது, நடுவிலும் புரண்டு கொதிக்க வேண்டும். தீயைக் குறைத்து, சலித்த மைதாவை ஒரே தடவையில் முழுவதும் கொட்டி மரக்கரண்டியால் விடாமல் கிளறினால், முதலில் திட்டுத்திட்டாகக் கலங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம், அரை நிமிடத்தில் சேர்ந்து திரண்டு பாத்திரத்தில் ஒட்டாமல் ஒரே உருண்டையாக வந்துவிடும். கொழுக்கட்டை மாவு கிளறிய கைக்கு இது தெரிந்த இடம்தான். இன்னும் ஒரு நிமிடம் சிறு தீயில் புரட்டிவிட்டு இறக்கி, ஈரத்துணி போட்டு மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நன்றாக ஒருமுறை பிசைந்துகொள்ளலாம்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இடியாப்பத்துக்கும் வெந்நீர், கொழுக்கட்டைக்கும் வெந்நீர், சுர்ரோஸுக்கும் வெந்நீர். ஆனால் காரணம் வேறு வேறு. அரிசி மாவில் இழுபடும் தன்மை கிடையாது, பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிரும், வெந்நீர் பட்டு அதன் மாவுச்சத்து வீங்கிப் பசையானால்தான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மைதாவுக்கு நேர் எதிர். அதில் இழுவை ஏராளம், பரோட்டா மாவு அவ்வளவு மெல்லிசாக வீசி இழுக்க வருவதே அதனால்தான். அந்த இழுவையோடு மைதாவைப் பிழிந்தால் துளையை விட்டு வெளியே வந்ததும் மாவு சுருங்கித் தடித்துவிடும், முள் நிற்காது. கொதிக்கும் தண்ணீர் மைதாவின் புரதத்தை வேகவைத்து அந்த இழுவையை அடக்குகிறது, கூடவே மாவுச்சத்தை வீங்கவைத்து நிறைய ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பொரித்த பின் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சு மாதிரியும் கிடைப்பது இந்த ஈரத்தால். ஆக, அரிசி மாவை ஒட்டவைக்கிற அதே வெந்நீர்தான் இங்கே மைதாவை அடக்கிவைக்கிறது. தண்ணீர் அரைகுறையாகச் சூடாகியிருந்தால் இரண்டுமே கெடும்.

முட்டை சேர்ப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்கச் செய்முறைகள் பலவற்றில் ஒன்றிரண்டு முட்டை உண்டு. நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். முட்டை போட்டால் நன்றாக உப்பி மெத்தென்று வரும், ஆனால் மொறுமொறுப்பு சீக்கிரம் போய்விடும், வாசமும் மாறும். முட்டை இல்லாததே எனக்கு உசத்தி. பேக்கிங் பவுடரும் வேண்டாம், உள்ளே இன்னும் கொஞ்சம் வாயுவை ஏற்றிவிடும் எதையும் இந்த மாவில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது குழல். என்னிடம் இருப்பது அம்மா கொடுத்த பித்தளை முறுக்குக் குழல், அதில் ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள தட்டு ஒன்று உண்டு. துளை சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தால் போதும். கேக் அலங்கரிக்கும் பை வைத்திருப்பவர்கள் அதில் நட்சத்திர முனையைப் போட்டுப் பிழியலாம், ஆனால் இந்த மாவு கெட்டி, மெல்லிய பை கிழிந்துவிடும், துணிப்பை என்றால் தாங்கும். நட்சத்திரத் துளை இல்லையென்றால் அன்றைக்குச் சுர்ரோஸ் வேண்டாம், அதே மாவைத் தட்டையாகத் தட்டி முள்கரண்டியால் இருபுறமும் குத்திப் பொரித்துக்கொள்ளுங்கள். உருண்டைத் துளையில் மட்டும் பிழியாதீர்கள்.

எண்ணெய்க்கு மேலேயே குழலைப் பிடித்து நேராகப் பிழிவதுதான் கடைக்காரர்கள் வழக்கம். நான் அப்படிச் செய்வதில்லை. எண்ணெய் தடவிய வாழை இலையிலோ பட்டர் பேப்பரிலோ நீள நீளமாகப் பிழிந்து வைத்துக்கொண்டு, எண்ணெய் தொட்ட கத்தரிக்கோலால் மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுவேன். குழலை அழுத்தும் பலம் ஒரு பக்கம், கொதிக்கும் எண்ணெய் மறுபக்கம் என்று திண்டாட வேண்டாம். வெட்டுகிற வேலையைப் பெரியவள் செய்தாள், அடுப்பிலிருந்து தள்ளி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு. "சித்தி, எல்லாம் ஒரே அளவா இருக்கணுமா?" என்று கேட்டாள், ஆமாம் என்றதும் அளவுகோல் எடுத்து வந்துவிட்டாள். ஒரே அளவாக இருந்தால்தான் எல்லாம் ஒன்றாக வேகும், அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி.

நீளமான சுர்ரோஸ்தானே அழகு, ஏன் இந்தக் குட்டித் துண்டு என்று கேட்டால், வீட்டு வாணலிதான் பதில். நம் வாணலி குழிவானது, அகலம் குறைவு. அதில் ஒரு ஜாண் நீளச் சுர்ரோ வளைந்து ஓரம் இடித்து, திருப்பும்போது முறிந்து, ஒரு முனை கறுத்து நடு வேகாமல் நிற்கும். குட்டித் துண்டு தானே புரண்டு எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், உள்ளே அடைபடும் ஈரமும் குறைவு. அப்புறம், ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் சுற்றிலும் மொறுமொறுப்பும் சர்க்கரையுமாக இருக்கிறது, நீளத்தில் அந்தச் சுகம் இல்லை. மேலே சொன்ன அளவுக்கு எனக்கு எண்பது துண்டுகளுக்கு மேல் வந்தது. மாவு கிளறுவதிலிருந்து கடைசி ஈடு எடுப்பது வரை முக்கால் மணி நேரம்.

எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 190-ஐத் தாண்ட வேண்டாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முறுக்குக்குப் பார்க்கிற பக்குவம்தான்: மாவில் கிள்ளிப் போட்டால் அடியில் போய் உடனே குமிழியோடு மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, எண்ணெய் குடித்துக் கனக்கும். போட்டவுடன் சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அடுப்பை அணைத்துக் கொஞ்சம் காத்திருங்கள், இதுதான் ஆபத்தான பக்கம். கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ நல்லது, நல்லெண்ணெய் வாசம் கடைசியில் மேலே சேர்க்கும் பட்டைத்தூளோடு சேரவில்லை. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு துண்டுகள், தூக்கி எறியாமல் எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நழுவவிடுங்கள். பிழிந்து வைத்த மாவு ரொம்ப நேரம் காற்றில் கிடந்து தோல் கட்டிவிடக் கூடாது, ஈரத்துணியால் மூடி வைத்து அரை மணி நேரத்துக்குள் பொரித்துவிடுவது நல்லது.

முறுக்கு பழகிய கை ஒரு இடத்தில் ஏமாறும். முறுக்கில் எண்ணெயின் சலசலப்பு முழுவதும் அடங்கின பிறகுதான் எடுப்போம், ஏனென்றால் உள்ளே ஈரமே இருக்கக் கூடாது. சுர்ரோஸில் அந்த ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். சலசலப்பு குறைந்து, நிறம் தேன் மாதிரி வந்ததும் எடுத்துவிடுங்கள். முழுவதும் அடங்கட்டும் என்று நின்றால் இனிப்பு முறுக்குதான் கிடைக்கும். எனக்கு இரண்டாவது முறை அப்படித்தான் ஆனது.

பட்டைச் சர்க்கரை சேர்ப்பது மெக்சிகோ வழக்கம். ஸ்பெயினில் வெறும் சர்க்கரைதான் தூவுவார்கள், அதுவும் எல்லோரும் இல்லை. மெக்சிகோ நகரத்தில் 1935-லிருந்து இருக்கும் எல் மோரோ கடையில் சுருளாகப் பொரித்து வெட்டி, சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்த தட்டில் புரட்டித் தருகிறார்கள். அந்தப் பட்டையை அங்கே கனேலா என்கிறார்கள், அது இலங்கையில் விளைவது, ஈழத்தவர்கள் கறுவா என்று சொல்வது. நம் மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா என்ற வேறு மரத்தின் தோல், தடிமனாக, மரச்சில்லு போலக் கடினமாக இருக்கும், காரமும் உறைப்பும் அதிகம், பிரியாணிக்கு அது சரி. கறுவா மெல்லிய ஏடுகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துச் சுருட்டின சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும், மணத்தில் ஒரு இனிப்பு உண்டு. இந்தப் பலகாரத்தில் பட்டை ஒன்றுதான் வாசனை, அதை மறைக்க வேறு எதுவும் இல்லை, அதனால் கொஞ்சம் தேடியாவது கறுவாவையே வாங்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். யோசித்துப் பார்த்தால், காலியும் மாத்தறையும் உரித்துக் காயவைத்த பட்டை கடல்கள் தாண்டி மெக்சிகோ போய், ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த பலகாரத்தின் மேல் ஏறியிருக்கிறது. இலங்கைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாம் அதை மெக்சிகோக்காரர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்!

தூளாக வாங்காமல் குச்சியாக வாங்கி, சர்க்கரையோடு சேர்த்தே மிக்சியில் ஒரு சுற்று சுற்றுங்கள். 100 கிராம் சர்க்கரைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள் வரும் அளவு கறுவா. நம்மூர்ச் சர்க்கரை பரல் பெரியது, அப்படியே தூவினால் முள்ளில் நிற்காமல் உதிர்ந்துவிடும், ரொம்ப நைசாக அரைத்தாலோ எண்ணெயில் ஊறிப் பசையாகும், ரவை பதத்தில் நிறுத்துங்கள். வாணலியிலிருந்து எடுத்த துண்டுகளைக் காகிதத்தில் அரை நிமிடம் வடியவிட்டு, சூடு இருக்கும்போதே சர்க்கரைப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். மேலே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுதான் சர்க்கரையைப் பிடிக்கிறது, ஆறிவிட்டால் ஒட்டாது. சின்னவனுக்கு இந்தக் குலுக்கும் வேலைதான் கொடுத்தேன், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில், முதல் ஈட்டிலிருந்து கடைசி ஈடு வரை கையை விட்டு டப்பா இறங்கவில்லை.

முக்கிச் சாப்பிட சாக்லேட் வேண்டுமென்றால் ஒரு டம்ளர் பாலில் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் கரைத்துச் சூடாக்கி, 80 கிராம் கறுப்புச் சாக்லேட்டை உடைத்துப் போட்டுக் கெட்டியாகும் வரை கிண்டினால் ஸ்பெயின் பதம் வந்துவிடும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் காபியோடு சாப்பிட்டோம், அது ரொம்பவே நன்றாக இருந்தது.

தீபாவளிக்கு அம்மா வந்திருந்தபோது செய்து கொடுத்தேன். முதல் துண்டை உடைத்து உள்ளே பார்த்தாள், அப்புறம்தான் வாயில் போட்டாள். மெதுவாக மென்றுவிட்டு, "மாவுல உப்பு இன்னும் ஒரு சிட்டிகை போடலாம்" என்றாள். போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி, மேலே கொடுத்த அரைத் தேக்கரண்டி அந்த ஒரு சிட்டிகையையும் சேர்த்த கணக்குதான்.

டப்பாவில் போட்டு நாளைக்கு என்று வைக்க முடியாது, ஒரு மணி நேரத்தில் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்து ஓடு தளர்ந்துவிடும். எத்தனை பேர் இருக்கிறார்களோ அவ்வளவுக்கு மட்டும் மாவு கிளறுங்கள். குழலை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டுவிடாதீர்கள், முள்ளுத் தட்டில் மைதா காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். கடைசி மாவைப் பிழிந்த கையோடு வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்காருங்கள்.